போகும்போது 25, வரும்போது 19: ஹைப்ரிட் காரின் நெடுஞ்சாலை மைலேஜ்

சென்ற மாதம் ஒருவர் தன் ஹைப்ரிட் காரை, அதாவது பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த காரை, என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கையில் ஒரு சிறிய நோட்டு. 260 கிலோமீட்டர் போயிருக்கிறார், லிட்டருக்கு 25 கொடுத்திருக்கிறது. மறுநாள் அதே சாலையில் திரும்பியபோது 19. "அதே வண்டி, அதே ரோடு, ஓட்டினதும் நான்தான். ஒரே ராத்திரியில பேட்டரி போயிடுமா சார்?" என்று கேட்டார். வேறொரு பட்டறையில் பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அவரோடு ஒரு சுற்று போய் வந்தேன். வேகம் கூட்டும்போதும் சரி, பிரேக் பிடிக்கும்போதும் சரி, பேட்டரியின் பிளாக்குகள் (சில செல்கள் சேர்ந்த பகுதிகள்) எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. கெட்டுப்போன பேட்டரியில் பெரும்பாலும் ஒரு பிளாக்காவது மற்றவற்றை விட்டுச் சரிந்து விழும். இதில் அப்படி எதுவும் இல்லை. அப்புறம் அந்த இரண்டு நாட்களைப் பற்றி அவரிடம் நிதானமாகக் கேட்க ஆரம்பித்தேன்.

ஹைப்ரிட் கார் எங்கே பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நின்று நின்று போகும்போது பிரேக்கில் வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் பிடித்து வைக்கிறது. மெதுவாக ஊரும்போது என்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரில் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இந்த இரண்டுக்கும் வேலை குறைவு. அங்கே அது பெரும்பாலும் ஒரு நல்ல பெட்ரோல் கார், அவ்வளவுதான். அமெரிக்க அரசு மதிப்பீட்டில் டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான 2010 ப்ரியஸுக்கு நகரத்தில் கேலனுக்கு 51 மைல், நெடுஞ்சாலையில் 48 மைல். சாதாரணப் பெட்ரோல் காரில் இது தலைகீழாக இருக்கும். அந்த மதிப்பீட்டின் அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு சுமார் 77 கிலோமீட்டர்தான். அதுவும் அறைக்குள், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டுவது. அங்கே எதிர்க்காற்று கிடையாது, மேடும் கிடையாது.

முதலில் காற்றைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்குப் பெருசா காத்து இல்லையே" என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே அடிக்கும் காற்று எப்படித் தெரியும்? நடுவில் எங்கேயாவது இறங்கினீர்களா என்றேன். கொஞ்சம் யோசித்தார். இறங்கும்போது கதவு தானாக இழுத்துக்கொண்டு திறந்ததாம், பிடித்துச் சாத்த வேண்டியிருந்ததாம். எனக்கு அதுவே போதுமான பதில்.

90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு இருக்கும் எதிர்ப்பில் பாதிக்கு மேல் காற்றினுடையது. அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று எதிரே அடித்தால், ஸ்பீடோமீட்டர் 90 காட்டினாலும் காரின் முகத்தில் மோதும் காற்று 110 வேகத்தில் மோதுகிறது. காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் எதிர்ப்பு 40 சதவீதம் குறையும். கவனியுங்கள்: எதிர்க்காற்றில் இழப்பது 50, பின்காற்றில் கிடைப்பது 40. போகும்போது கிடைத்தது வரும்போது ஈடாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் சும்மா விடாது, எதிர்ப்பைக் கொஞ்சம் கூட்டத்தான் செய்யும்.

வேகத்துக்கும் இதே கணக்குதான். 90-இல் போனவர் 100-இல் வந்தால் காற்றின் எதிர்ப்பு 23 சதவீதம் கூடும். 260 கிலோமீட்டர் தூரத்தில் அதனால் மிச்சமாகும் நேரம் சுமார் 17 நிமிடம். திரும்பும்போது வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். இவரும் "கொஞ்சம் அழுத்தித்தான் வந்தேன்" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது மேடு. இதில்தான் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏறும்போது செலவானது இறங்கும்போது பேட்டரியில் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறார்கள். 1,500 கிலோ எடையுள்ள காரை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, சக்கரத்தில் மட்டும் 2 யூனிட் ஆற்றல் வேண்டும். சாதாரண ஹைப்ரிட்டின் பேட்டரி மொத்தமே ஒன்று, ஒன்றரை யூனிட்தான். அதிலும் முழுதாக நிரம்பவோ முழுதாகக் காலியாகவோ கம்ப்யூட்டர் விடாது. நடைமுறையில் அரை யூனிட் போல்தான் புழங்கும். ஆகவே செங்குத்தான மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அப்புறம் இறங்குவதெல்லாம் வீண்தான்.

பேட்டரி நிரம்பியதும் என்ஜின் திடீரென்று உரத்துச் சுற்ற ஆரம்பிக்கும். "ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, என்ஜின் கத்துது" என்று பதறிப்போய் போன் செய்பவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. பெட்ரோல் இல்லாமல் என்ஜினைச் சுற்றவிட்டு வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பிரேக் சூடாகாமல் காப்பதே அதுதான்.

சரிவு மென்மையாக இருந்தால் கதை வேறு. 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் சாலையில் அந்தச் சரிவே காற்றின் எதிர்ப்பைச் சமாளித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். பேட்டரிக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை, இழப்பும் இல்லை. ஆகவே செங்குத்தான சாலையும் மென்மையான சரிவுள்ள சாலையும் ஒரே உயரம்தான் ஏறி இறங்குகின்றன என்றாலும் மைலேஜ் ஒன்றாக இருக்காது. இவர் போன ஊர் புறப்பட்ட இடத்தைவிட 400 மீட்டர் தாழ்வு. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். கண்ணுக்கே தெரியாத ஏற்றம்தான், ஆனாலும் பெட்ரோல் கேட்கும்.

டயரையும் பார்த்தேன். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்டிருப்பதைவிடக் காற்றழுத்தம் 6 பி.எஸ்.ஐ குறைவு. இதனால் மைலேஜ் ஒன்று, ஒன்றரை சதவீதம் அடிபடும். பெரிய இழப்பு இல்லைதான். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கலாம். மைலேஜுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகப் பாருங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

ஈரச் சாலை, கூரையில் சும்மா கிடக்கும் கேரியர், எத்தனால் கூடுதலாகக் கலந்த பெட்ரோல் எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கும். ஏசி நேரக் கணக்கில் தின்பது. அதனால் வேகமாகப் போகும்போது கிலோமீட்டருக்கு அதன் பங்கு குறைவு, நெரிசலில் அதிகம்.

அளவெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பம்ப் தானாக நின்றதும் டேங்க் நிறைந்துவிட்டது என்று கணக்குப் போடுகிறோம். ஒரு பம்ப் அரை லிட்டர் முன்பே நின்றுவிடலாம். இவர் போனதற்கு 10.4 லிட்டர், வந்ததற்கு 13.7 லிட்டர். முதல் முறை அரை லிட்டர் குறைவாக நிரம்பியிருந்தால், அதே அரை லிட்டர் அடுத்த முறை கூடுதலாக ஏறும். அப்படியானால் உண்மையில் 23.9-ம் 19.7-மாக இருந்ததுதான் நோட்டில் 25-ம் 19-மாகத் தெரியும். ஒரு டேங்க் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு டேங்கின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். 25-ஐயும் 19-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 22 வரும். சரியான விடை 21.6.

காற்று, வேகம், ஏற்றம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டியபோது 19 என்ற எண்ணே கிட்டத்தட்ட வந்து நின்றது. பேட்டரி மேல் பழி போட மிச்சம் எதுவும் இல்லை.

அதற்காகப் பழுதே வராது என்று சொல்லவில்லை. காற்றும் ஏற்றமும் எப்படி இருந்தாலும் மைலேஜ் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் வண்டியைக் காட்டுங்கள். திரையில் பேட்டரிக் கோடுகள் சில நிமிடங்களிலேயே சரசரவென்று ஏறி இறங்கினாலும் காட்டுங்கள். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகவும் சூடாக இருந்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். பல ஹைப்ரிட்களில் பின் இருக்கையின் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஜன்னல் ஒன்று இருக்கும். அதை மறைத்துப் பையோ போர்வையோ வைக்காதீர்கள். நான் கழற்றிய ஃபில்டர்களில் சில, தூசியும் நாய் முடியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஆகியிருந்தன. பேட்டரி சூடேறினால் கம்ப்யூட்டர் அதன் வேலையைக் குறைக்கும், அந்தச் சுமை என்ஜின் தலையில் விழும். அதைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும்.

யாராவது பேட்டரியை மாற்றச் சொன்னால், வண்டியை ஓட்டியபடி எடுத்த பிளாக் வோல்டேஜ் அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். எந்த பிளாக் சரிகிறது, எவ்வளவு சரிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.