நியர்கேம்: எதற்கு அண்மை?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மைப் படக்கருவிக்குப் பெயர் நியர்கேம். 'நியர் இன்ஃப்ராரெட் கேமரா' என்பதன் சுருக்கம். 'நியர்' என்றதும் பக்கத்தில் உள்ளதைப் படமெடுக்கும் கருவி என்று நினைத்துவிடக் கூடாது. 1300 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்து வந்த ஒளியையும் பிடிக்கிற கருவி இது. அண்மை என்பது நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அண்மை.

1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வெயிலை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் வைத்ததில் சூடு இன்னும் ஏறியது. அந்தக் கதிருக்குத்தான் பின்னாளில் இன்ஃப்ராரெட் என்று பெயர் வந்தது. இலத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. அதன் அதிர்வெண் சிவப்புக்குக் கீழே இருக்கிறது. இலங்கையில் வழங்கும் 'செந்நிறக்கீழ்' இந்தப் பொருளை அப்படியே தருகிறது. தமிழ்நாட்டில் 'புற ஊதா'வுக்கு இணையாக 'அகச்சிவப்பு' நிலைத்துவிட்டது. அகமும் புறமும் நமக்குப் பழகிய இணை என்பதால் சட்டென்று மனதில் நிற்கிறது, ஆனால் 'கீழ்' என்ற பொருள் அதில் இல்லை. எனக்கு இலங்கைச் சொல்தான் பிடிக்கும். இருந்தாலும் பாடநூலில் ஊறிய சொல்லை இனி மாற்ற வேண்டியதில்லை.

'நியர்' என்பதற்கு 'அருகாமை' என்று எழுதுகிறார்கள். இலக்கணப்படி பார்த்தால் அருகாமை என்பது அருகில் வராமை. அண்மை என்பதே சரி. கேமரா இலத்தீனில் அறை. தமிழில் படக்கருவி போதும். ஆக, அண்மை அகச்சிவப்புப் படக்கருவி.

இது பிடிக்கும் ஒளியின் அலைநீளம் 0.6 முதல் 5 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டிவி ரிமோட்டின் முனையை போன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள்; பல போன்களில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மின்னும். அது இதே அண்மை அகச்சிவப்புதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இந்த ஒளிக்கு அலைநீளம் அதிகம் என்பதால் விண்வெளித் தூசு இதை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை. கழுகு நெபுலா என்ற விண்மேகத்தில் உள்ள 'படைப்பின் தூண்கள்' என்னும் வாயு-தூசுத் தூண்கள் 1995இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் இருண்ட சுவர்போல நின்றன. 2022இல் நியர்கேம் எடுத்த படத்தில் அதே தூண்கள் மெல்லிய துணிபோல் ஆகி, பின்னால் எண்ணற்ற விண்மீன்கள் தெரிந்தன. தூண்களின் ஓரத்தில் புதிதாகப் பிறக்கும் விண்மீன்கள் சிவப்புப் பொட்டுகளாக ஒளிர்ந்தன.