அகநோக்கி: உடல்நிறை குறைப்புச் சத்திரசிகிச்சையும் அதன் நீண்டகாலச் சிக்கல்களும்

எண்டொஸ்கொப்பி என்ற சொல்லை வன்னியில் முழுதாகச் சொல்பவர்கள் குறைவு. "வாயாலை கமரா விட்டுப் பார்த்தவை" என்றால் ஒட்டுசுட்டானிலும் மல்லாவியிலும் எல்லாருக்கும் விளங்கும். பேச்சுவழக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் இன்றைய கருவியின் முனையில் இருப்பது உண்மையிலேயே ஒரு சிறிய கமராதான். ஆயினும் மருத்துவ அறிக்கையிலும் வைத்தியருடனான உரையாடலிலும் இன்னும் திருத்தமான சொல் தேவைப்படுகிறது. உடல்நிறையைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு, ஆண்டுகள் கழித்து இந்தப் பரிசோதனை செய்யப்படும்போது அத்தேவை மேலும் கூடுகிறது.

கிரேக்கத்தில் 'எண்டொன்' என்றால் உள்ளே. 'ஸ்கொப்பெய்ன்' என்றால் நோக்குதல். ஜேர்மனியின் பிராங்போட் நகர வைத்தியர் பிலிப் பொட்சினி 1806இல் மெழுகுதிரி ஒளியை உடலின் துவாரங்களுக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியொன்றை வெளிப்படுத்தினார். அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'ஒளிகடத்தி' என்பது. எண்டொஸ்கோப் என்ற பெயரைப் பின்னர் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு வைத்தியர் டெசோர்மோ. இரைப்பைவரை செல்லும் நேரான குழாயை 1868இல் ஜேர்மன் வைத்தியர் குஸ்மவுல் பரிசோதித்தபோது, அதை விழுங்கிக் காட்டியவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர். ஏனையோரின் தொண்டை அதற்கு இணங்கியிருக்காது. வளையக்கூடிய கண்ணாடியிழைக் கருவி 1957இல்தான் வந்தது. அதை உருவாக்கிய பசில் ஹேர்ஷோவிட்ஸ் முதலில் தம்முடைய தொண்டைக்குள்ளேயே அதைச் செலுத்திப் பார்த்தார்.

தமிழில் இதற்கு உள்நோக்கி, அகநோக்கி என்னும் சொற்கள் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. நாங்கள் தமிழ்நாட்டாரைப் போல நுண்ணோக்கி, தொலைநோக்கி என்று எழுதுவதில்லை. நுணுக்குக்காட்டி, தொலைக்காட்டி என்றே படித்தோம். அந்த மரபின்படி அகக்காட்டி என்று அமைப்பதே பொருத்தம் என்று ஒருவர் வாதிடலாம், அதில் பிழையும் இல்லை. எனினும் இந்தக் கருவியைப் பொறுத்தவரை நான் 'நோக்கி'யின் பக்கம் நிற்கிறேன். இது தானாக எதையும் காட்டிவிடாது. எதைத் தேட வேண்டும் என்று அறிந்த ஒருவர் நோக்கினால்தான் பயன் தரும். மூலச் சொல்லின் பின்பாதியும் நோக்குதலையே குறிக்கிறது. கருவியை அகநோக்கி என்றும், செயலை அகநோக்கல் அல்லது அகநோக்கிப் பரிசோதனை என்றும் பிரித்து எழுதுவது நல்லது. 'அகநோக்கு' என்று நிறுத்திவிட்டால் அது மனத்துக்குள் பார்ப்பதைக் குறிக்கும் உளவியற் சொல்லாகிவிடும்.

அடுத்தது, இவ்வகைச் சத்திரசிகிச்சையின் ஆங்கிலப் பெயரில் வரும் 'பேரியாட்ரிக்' என்னும் அடைமொழி. 'பாரொஸ்' என்றால் கனம். 'இயாட்ரிக்கே' என்றால் மருத்துவம். வளிமண்டல அமுக்கத்தை அளக்கும் கருவியின் பெயரிலும் இதே பாரொஸ்தான் இருக்கிறது. அதை நாம் பாரமானி என்கிறோம். கிரேக்கச் சொல்லும் நம்முடைய பாரமும் ஒன்றே என்று எண்ணத் தோன்றும், ஆனால் இவ்விரண்டுக்கும் வேர் வேறு. வடமொழியில் பாரொஸுக்கு உறவான சொல் 'குரு', அதாவது கனமானது என்பது. பாரம் என்பதோ சுமத்தலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான் என்றாலும், பாரமானி என்ற ஆக்கத்துக்கு அந்தத் தற்செயல் அழகாகவே உதவியிருக்கிறது. சிகிச்சையின் பெயராக உடல்நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை என்று எழுதலாம். இங்கே பள்ளிக்கூட விஞ்ஞானம் திணிவையும் நிறையையும் பிரித்துக் கற்பிப்பதால் 'நிறை' நமக்குப் பழகிய சொல். எடை என்று எழுதினாலும் விளங்கும். சத்திரம் இங்கே வழிப்போக்கர் தங்குமிடம் அன்று, 'சஸ்திரம்' என்னும் வெட்டுக்கருவியின் தமிழ் வடிவம்.

அறிக்கை வாசிப்போர் அறிந்திருக்கவேண்டிய சத்திரசிகிச்சைகள் முதன்மையாக இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்கு அளவிலோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நெடுக வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழல்போல விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்லீவ்', அதாவது சட்டைக்கை, என்று பெயர். குழலிரைப்பைச் சத்திரசிகிச்சை என்பது இதற்குத் தமிழில் பொருந்தும். மற்றதில் உணவுக்குழாய்க்குக் கீழே சிறு பையொன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். பெரிய இரைப்பை உள்ளேயே இருக்கும், உணவுதான் அதன் வழியே போகாது. ஆங்கிலத்தில் 'பைபாஸ்' எனப்படும் இதற்கு இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை என்று பெயரிடலாம். அமெரிக்காவின் அயோவாவில் எட்வேட் மேசன் 1960களின் நடுப்பகுதியில் இவ்வகைச் சிகிச்சையைத் தொடக்கிவைத்தார்.

சிக்கல் என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பலர் இதைப் பக்கவிளைவு என்று எழுதுகிறார்கள். பக்கவிளைவு மருந்துக்கு உரியது. சத்திரசிகிச்சைக்குப் பின் உடலில் உருவாகும் கேட்டைச் சிக்கல் என்பதே முறை. தையல் கசிவு போன்றவை முதல் நாட்களிலும் கிழமைகளிலும் தெரியவரும் உடனடிச் சிக்கல்கள். நீண்டகாலச் சிக்கல்கள் ஆண்டுகள் கடந்தும் வரலாம், சில வலியே இல்லாமல் வளரும்.

குழலிரைப்பையில் முதலிடம் பெறுவது அமிலம் மேலேறுதல். இரைப்பை ஒடுங்கிய குழலாகிவிடுவதால் உள்ளமுக்கம் கூடி, அமிலம் உணவுக்குழாய்க்குள் திரும்புகிறது. அகநோக்கியைச் செலுத்துபவர் உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடத்தில் சற்று நின்று பார்ப்பார். வெளிறிய இளஞ்சிவப்பு நிறச் சீதமென்சவ்வு முடிந்து செம்மை தொடங்கும் எல்லைக்கோடு அங்கே இருக்கும். அந்தச் செம்மை நாக்குப்போல மேல்நோக்கி ஏறியிருந்தால், உணவுக்குழாயின் உட்படை குடலின் உட்படைபோல மாறத் தொடங்கியிருக்கக்கூடும். பரட் உணவுக்குழாய் என்று பெயர்பெற்ற இந்த மாற்றம் புற்றுநோய்க்கு முன்படியாக அமையலாம். சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே உறுதிசெய்வார்கள். அந்தத் துண்டெடுப்பை இழையப் பரிசோதனை என்று சொல்லலாம். நெஞ்செரிவு இல்லாதவர்களிடமும் இம்மாற்றம் காணப்படுவதால், உடற்பருமன் சத்திரசிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பு குழலிரைப்பைச் சிகிச்சை பெற்றோருக்கு ஓராண்டு முடிவிலும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அகநோக்கலைப் பரிந்துரைத்திருக்கிறது. கண்காணிப்பு அகநோக்கல் என்பது இதுதான். இதே குழலின் நடுவில், இரைப்பை மடங்கும் வளைவில், ஒடுக்கமோ முறுக்கமோ ஏற்பட்டு உணவு தேங்குவதும் உண்டு.

மாற்றுவழிச் சிகிச்சையில் கண் போகவேண்டிய இடம் சிறு பையும் குடலும் சேரும் இணைப்பு. அங்கே குடற்பக்க விளிம்பில் வரும் புண்ணை விளிம்புப்புண் என்று அழைக்கலாம். புகைபிடித்தலும் வலிநிவாரணி மாத்திரைகளும் இதன் முதன்மைக் காரணங்களில் அடங்கும். வயல்வேலையால் முழங்கால் நொந்து, பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போடுவது எங்கள் ஊர்களில் அன்றாடம் நடக்கிறது. இந்தச் சிகிச்சை பெற்றவருக்கு அம்மாத்திரை ஆபத்து. இணைப்புத் துளை ஒடுங்கிவிடுவது இன்னொரு சிக்கல். அகநோக்கியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். அது துளையைத் தாண்டிப் போக மறுத்தால் ஒடுக்கம் இருக்கிறது என்று கருவியே சொல்லிவிடும். பலூனைச் செலுத்தி, அதே அமர்விலேயே அதை விரிக்கவும் முடியும். குறைந்த நிறை மீண்டும் ஏறத் தொடங்கினால், பையோ இணைப்போ அகன்றுவிட்டதா, பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே புரைவழி திறந்துவிட்டதா என்றும் பார்ப்பார்கள். பழைய முறையில் இரைப்பையைச் சுற்றிப் பட்டி இட்டிருந்தால், அந்தப் பட்டி சுவரை அரித்து உள்ளே வந்திருப்பதும் இப்படித்தான் கண்ணில் படும்.

அகநோக்கிக்கு எட்டாதவையும் உண்டு. மாற்றுவழிச் சிகிச்சையில் ஒதுக்கப்பட்ட பெரிய இரைப்பைக்குள் வழமையான கருவி போகாது. அங்கே புண் வந்தாலும் கட்டி வந்தாலும் அறிக்கையில் இடம்பெறாது. குடல், வயிற்றறைக்குள் இடைவெளியொன்றில் நுழைந்து நெரிபடும் உட்குடலிறக்கம் சீ.ரீ. ஸ்கானுக்கும் சத்திரசிகிச்சை வைத்தியருக்கும் உரிய விடயம். இரும்புச்சத்து, விற்றமின் பீ12, கல்சியம் குறைவது குருதிப் பரிசோதனையில்தான் தெரியவரும். ஆகவே "கமரா விட்டுப் பார்த்தவை, ஒண்டுமில்லையாம்" என்பதற்கு, கருவி சென்ற வழியில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்றும் இல்லை என்ற அளவிலேதான் பொருள் கொள்ள வேண்டும்.

இங்கே சொற்குழப்பம் நேரடியாகத் தீங்கு செய்யும் இடமொன்று இருக்கிறது. வன்னிக் குடும்பங்களில் பலருக்குக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உறவுகள் உண்டு. அங்கே இச்சிகிச்சை பெற்ற ஒருவர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் கறுப்பாக மலம் போய், தலைசுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மாமிக்கு முந்தி ஒப்பரேசன் ஏதும் செய்ததோ?" என்று தாதி கேட்க, கூட வந்த மருமகன், "ஓம் மிஸ், பைபாஸ் செய்தவை" என்கிறார். நம்மூரில் பைபாஸ் என்றால் இருதயம். கேட்பவர் இருதயச் சத்திரசிகிச்சை என்று எழுதிக்கொள்ள, இரத்தம் கசியும் விளிம்புப்புண்ணை நோக்கி எண்ணமே போகாமல் நேரம் கடந்துவிடலாம். "இரைப்பையில செய்த பைபாஸ்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

அகநோக்கலுக்கு அனுப்பும் துண்டில் எழுதப்படவேண்டியவையும் இவையே: எந்தச் சிகிச்சை, எந்த ஆண்டு, எந்த நாடு, இப்போது என்ன முறைப்பாடு, எடுக்கும் மாத்திரைகள் எவை. சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையின் விடுவிப்பு அறிக்கை கைவசம் இருந்தால் அதன் பிரதியையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். இணைப்பு எங்கே இருக்கிறது, பை எவ்வளவு நீளம் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்தான், வெட்டித் தைத்த ஓரத்தில் தெரியும் சிவப்பைப் பழைய வடு என்றோ புதிய புண் என்றோ பிரித்தறிவார்.