டவுன் கூட்டறிகுறி: சொல்லும் பொருளும்

'டவுன்' என்ற ஒலிக்குத் திருகோணமலையில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. மூதூரிலோ கிண்ணியாவிலோ இருப்பவர் 'டவுனுக்குப் போறன்' என்றால் அது நகரம். வைத்தியசாலையில், உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் தாமதமாகும் ஒரு பிறவி நிலையை 'டவுன் சின்ட்ரோம்' என்று சொல்லும்போது, ஆங்கிலம் சிறிது அறிந்தவர்கள் 'கீழ்' என்று பொருள்கொண்டு, தாழ்ந்த அறிவைக் குறிக்கும் பெயர் என்று தாமாகவே விரித்துக்கொள்வதும் உண்டு. உண்மையில் அது ஓர் ஆங்கிலேய மருத்துவரின் குடும்பப் பெயர். இங்கிலாந்தின் சரே பகுதியில், அறிவு வளர்ச்சி குறைந்தோருக்கான ஏர்ல்ஸ்வுட் இல்லத்தின் மருத்துவ அத்தியட்சகராக இருந்த ஜோன் லாங்டன் டவுன், 1866 இல் இந்நிலையை முதன்முதலாகத் தனித்து விவரித்தார். பிள்ளைகளின் முகச்சாயலை அவர் மொங்கோலிய இனத்தவரின் சாயலோடு ஒப்பிட்டதால், 'மொங்கோல்' என்னும் பெயர் நூறு ஆண்டுகளுக்கு நிலைத்துவிட்டது. 1961 இல் மரபியல் அறிஞர்கள் பலர் சேர்ந்து அப்பெயரைக் கைவிடுமாறு 'லான்செட்' மருத்துவ இதழுக்கு எழுதினர். 1965 இல், மொங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்கு இணங்கி, உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. தமிழில் 'மொங்கோல் பிள்ளை' என்று இன்றும் சொல்பவர்கள், பெரும்பாலும் தீய எண்ணமின்றி, அந்தப் பழைய வழக்கையே தொடர்கிறார்கள்.

'சின்ட்ரோம்' கிரேக்க வேர்களைக் கொண்ட சொல்; 'ஒன்றாக ஓடுதல்' என்பது அதன் நேர்ப்பொருள். பல அடையாளங்கள் ஒருங்கே சேர்ந்து காணப்படுவதையே மருத்துவர்கள் அப்படி அழைக்கிறார்கள்: தசைத் தளர்வு, கண்ணின் சாய்வு, தாமதமாகப் பேசவும் நடக்கவும் பழகுதல், ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு இருதயக் குறைபாடு. ஆகவே 'கூட்டறிகுறி' என்பது நன்கு பொருந்தும் தமிழ். இதனோடு 'நோய்' என்பதையும் ஒட்டி எழுதுவது தேவையற்றது என்பதே என் கருத்து. நோய் என்றால் வரும், போகும், தொற்றும் என்ற எண்ணம் எழும். இதுவோ பிறவியிலேயே அமைந்த நிலை. சில இடங்களில் எழுதப்படும் 'மன நலிவு' அதைவிடப் பிழையானது, ஏனெனில் அது மனச்சோர்வையே நினைவூட்டுகிறது.

காரணம் 1959 இல்தான் வெளியானது. பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர், இப்பிள்ளைகளின் உயிரணுக்களில், பிறவி இயல்புகளைச் சுமக்கும் நுண்ணிய இழைகளான நிறமூர்த்தங்கள் 46க்குப் பதிலாக 47 இருப்பதை அறிவித்தனர். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'நிறமூர்த்தம்', 'குரோமோசோம்' என்ற மூலச்சொல்லை அப்படியே தருகிறது: கிரேக்கத்தில் குரோமா நிறம், சோமா உடல். சாயத்தை எளிதில் ஏற்பதால் 1888 இல் அதற்கு அப்பெயர் இடப்பட்டது. முட்டையோ விந்தோ உருவாகும் ஒடுக்கற்பிரிவின்போது (நிறமூர்த்த எண்ணிக்கை பாதியாகும் உயிரணுப் பிரிவு) 21ஆம் சோடி பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிட்டால், கருவில் அந்த நிறமூர்த்தம் மூன்றாகிறது. எனவே 'டிரைசோமி 21' என்பதை '21ஆம் நிறமூர்த்த மும்மை' எனலாம். ஏறத்தாழ 95 சதவீதமானோருக்கு இவ்வாறே நேர்கிறது.

மிகுதியான குழப்பம் 'ஜெனெட்டிக்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போதுதான் பிறக்கிறது. நம் பாடநூல்களில் அதன் துறை பிறப்புரிமையியல், 'ஜீன்' பரம்பரையலகு. தமிழ்நாட்டு வழக்கில் மரபியல், மரபணு. உரிமை, பரம்பரை, மரபு எல்லாமே முன்னோரிடமிருந்து வந்ததையே குறிப்பதால், 'இது பரம்பரையலகு சார்ந்தது' என்று கிளினிக்கில் கேட்டு வந்த தாயிடம், 'எங்கட பக்கத்தில அப்படி ஒருத்தரும் இல்லையே' என்று மாமியார் சொல்வதற்கும், சொந்தத்துக்குள் செய்த கலியாணத்தின் மீது பழி போடப்படுவதற்கும் வழி திறக்கிறது. நிறமூர்த்தம் பிரியாமல் போவது அந்த ஒரு கருத்தரிப்பில் தற்செயலாக நிகழ்வது. தாய் உண்டதாலோ, கிரகணத்தைப் பார்த்ததாலோ, உறவில் மணந்ததாலோ அது நேர்வதில்லை. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு மிகுகிறது என்பது உண்மை: 25 வயதில் ஏறத்தாழ 1,250 பிறப்புகளுக்கு ஒன்று, 40 வயதில் 100க்கு ஒன்று. ஆனால் இளம் தாய்மாரே அதிகம் பிள்ளை பெறுவதால், இப்பிள்ளைகளில் பெரும்பாலானோர் 35 வயதுக்குட்பட்ட தாய்மாருக்கே பிறக்கின்றனர். ஆகையால் இதனைப் 'பிறவி நிறமூர்த்த நிலை' என்று விளக்குவதே துல்லியமானது.

'பரம்பரை' என்ற சொல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. 3 முதல் 4 சதவீதமானோரிடம் மேலதிக 21ஆம் நிறமூர்த்தம் தனியாக நில்லாமல் வேறொன்றோடு ஒட்டியிருக்கும்; இது இடமாற்ற வகை. அவர்களுள் சிலரின் தாயோ தந்தையோ, தமக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே, அந்த ஒட்டலைச் சுமந்திருப்பார். பிள்ளையின் குருதியில் செய்யும் நிறமூர்த்தப் பரிசோதனை வகையைக் காட்டிவிடும். இடமாற்றம் என்று தெரிந்தால் மட்டுமே பெற்றோர் இருவருக்கும் அதே பரிசோதனை தேவைப்படுகிறது. அடுத்த கருவுக்கான வாய்ப்பை மருத்துவர் அதைக்கொண்டே கணித்துச் சொல்வார்.