சுருதி நிக்காத கிட்டார்: மை பிளடி வாலண்டைன் சவுண்டுக்குப் பின்னாடி இருக்கற இயற்பியல்

மை பிளடி வாலண்டைன்ங்கற ராக் பேண்டோட 'லவ்லெஸ்' ஆல்பத்தை முதல் தடவை கேக்கறவங்க பல பேர் ஹெட்போன்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுப்பாங்க. கிட்டார் ஒரு சுருதில நிக்காம மேலயும் கீழயும் வழுக்கிட்டே இருக்கும், பாடறவங்க என்ன வார்த்தை சொல்றாங்கன்னு பிடிபடாது, ஆனா இத்தனைக்கும் நடுவுல ஒரு அழகான மெட்டு அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். நூத்துக்கணக்கான கிட்டார் ட்ராக்கை, அதாவது தனித்தனியா பதிவு பண்ண கிட்டார் ஒலிகளை, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கித்தான் இதைப் பண்ணாங்கன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. பேண்டோட கிட்டாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ் அதைப் பல பேட்டில மறுத்திருக்கார், நிறைய பாட்டுல கிட்டார் ட்ராக் ஆச்சரியப்படற அளவுக்குக் கம்மி. அப்புறம் எப்படி அவ்வளவு பெருசா கேக்குது?

முதல்ல ஆளுங்க யாருன்னு பாத்துடலாம். 1983ல டப்ளின்ல ஷீல்ட்ஸும் ட்ரம்மர் கோல்ம் ஓ கீசோக்கும் சேர்ந்து ஆரம்பிச்ச பேண்ட் இது. ஆரம்பத்துல போஸ்ட் பங்க்ங்கற ராக் பாணி, உண்மையைச் சொன்னா அப்போ பண்ணதுல தனியா ஞாபகம் வச்சுக்க பெருசா எதுவும் இல்ல. கொஞ்ச நாள் பெர்லின், அப்புறம் லண்டன், டெபி கூஜ் பேஸ் கிட்டார் வாசிக்க வந்தாங்க, 1987ல பழைய பாடகர் விலகினப்போ பிலிண்டா புட்சர் உள்ள வந்தாங்க. அடுத்த வருஷமே கிரியேஷன் ரெகார்ட்ஸ்ங்கற லேபிள்ல 'இஸின்ட் எனிதிங்' ஆல்பம் வந்துச்சு, அதுல ஷீல்ட்ஸ் கிட்டார் வாசிக்கற விதமே மாறிப்போச்சு.

மாறினது வலது கை. ஃபெண்டர் 1958ல கொண்டு வந்த ஜாஸ்மாஸ்டர் கிட்டார்ல ட்ரெமலோ பார்னு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை அழுத்தினா எல்லாக் கம்பியும் ஒரே நேரத்துல தளரும், சுருதி இறங்கும். மத்தவங்க ஒரு நோட்டை அடிச்சிட்டு, கடைசில ஒரு அலங்காரமா அதை ஆட்டி விடுவாங்க. ஷீல்ட்ஸ் அந்த பாரைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு, எல்லாக் கம்பியையும் சேர்த்து வருடி ஸ்ட்ரம் பண்ணார், அதனால கை மேல போய் கீழ வர ஒவ்வொரு தடவையும் மொத்த கார்டும், அதாவது ஒண்ணா ஒலிக்கற எல்லா ஸ்வரமும், சேர்ந்து அசையுது. நம்ம வீணைல கம்பியைப் பக்கவாட்டுல இழுத்து கமகம் கொடுக்கற மாதிரிதான், ஆனா அங்க ஒரு ஸ்வரம் மட்டும் அசையும், இங்க ஆறு கம்பியும் ஒண்ணா அசையுது, அதுவும் பெரும்பாலும் கீழ்நோக்கி.

ஒரு கம்பியோட அதிர்வெண் அதோட இழுவிசையோட வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். அரை ஸ்வரம் கீழ போகணும்னா, அதாவது 440 ஹெர்ட்ஸ்லருந்து ஏறக்குறைய 415க்கு வரணும்னா, இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைஞ்சா போதும். ஆனா பாரை அழுத்தறப்போ எல்லாக் கம்பியும் ஒரே விகிதத்துல இறங்காது, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் தடிமன் வேற, கட்டியிருக்கற இழுவிசை வேற. அதனால கார்டுக்குள்ள இருக்கற ஸ்வரங்களுக்கு நடுவுல உள்ள தூரமே கணத்துக்குக் கணம் மாறுது. இதுல ஷீல்ட்ஸ் ட்யூனிங்கையும் மாத்தி, சில கம்பிகளைக் கிட்டத்தட்ட ஒரே சுருதில வச்சுப்பார். 440ம் 442ம் சேர்ந்து ஒலிச்சா, சத்தம் நொடிக்கு ரெண்டு தடவை பெருசாகி சின்னதாகும், இதுக்கு விம்மல்னு பேரு. அந்த வித்தியாசமே மாறிக்கிட்டே இருந்தா விம்மலோட வேகமும் மாறும். ஒரே கிட்டார் பல கிட்டாரா கேக்கறதுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொரு பாதி நம்ம காதுல நடக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான். ஒரு வாத்தியத்தை நாம அடையாளம் கண்டுபிடிக்கறது பெருமளவுக்கு அந்த ஒலி தொடங்கற முதல் சில மில்லி செகண்டை வச்சு. பதிவு பண்ண பியானோ ஒலில அந்த ஆரம்பத்தை வெட்டி எடுத்துட்டுப் போட்டுக் காட்டுங்க, இது என்ன வாத்தியம்னு பல பேர் குழம்பிடுவாங்க. ஷீல்ட்ஸ் பண்ணது கிட்டத்தட்ட அந்த வெட்டுதான், கத்தரிக்குப் பதிலா யமஹாவோட எஸ்பிஎக்ஸ் 90 மாதிரி கருவில வர்ற ரிவர்ஸ் ரிவெர்ப்ங்கற தலைகீழ் எதிரொலியை வச்சு. சாதாரண எதிரொலி பெருசா ஆரம்பிச்சுத் தேயும், இது சின்னதா ஆரம்பிச்சு வீங்கி சட்டுனு நிக்கும். நேரத்தை நிஜமா பின்னாடி திருப்ப எந்தக் கருவியாலயும் முடியாது, உள்ள வந்த ஒலியோட பிரதிகளைக் கொஞ்சம் கொஞ்சமா சத்தம் கூட்டி வெளிய விடுது, அவ்வளவுதான். நேரடி ஒலியை நிறுத்திட்டு இதை மட்டும் கேட்டா கம்பியை மீட்டற வில்லையான பிளெக்ட்ரம் கம்பில படற அந்த 'டக்' காணாமப் போயிரும். இதுக்கு மேல, ஒலியை வேணும்னே சிதைக்கற டிஸ்டார்ஷனும் சேர்ந்தா உரத்ததும் மெல்லியதும் ஒரே மட்டத்துக்கு வந்துரும், புதுப்புது ஸ்வரக்கூட்டும் முளைக்கும். அப்புறம் அது கிட்டாரா என்னன்னே மூளைக்குத் தெரியாது.

1991 நவம்பர்ல 'லவ்லெஸ்' வெளியாச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்த வேலை, பத்தொன்பது ஸ்டூடியோ மாறினாங்க. ரெண்டரை லட்சம் பவுண்டு செலவாச்சுன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, ஷீல்ட்ஸ் அதை ஒத்துக்கல. ஓ கீசோக்குக்கு உடம்பு முடியாததால பெரும்பாலான ட்ரம்ஸ் அவர் வாசிச்சதைத் துண்டு துண்டா பதிவு பண்ணி (சாம்பிள்) ஒட்டினது. குரலையும் பல டேக் பாடி ஒண்ணா கலந்து, கிட்டாரை விட மேல வராம வச்சுட்டாங்க, குரலும் ஒரு வாத்தியமாவே ஆயிருச்சு. அப்புறம் லேபிள் கைவிட்டுச்சு, அடுத்த ஆல்பம் 2013லதான் வந்துச்சு.

மேடைல கதை வேற. 'யூ மேட் மீ ரியலைஸ்' பாட்டோட நடுவுல ஒரே இரைச்சலை பத்து நிமிஷத்துக்கும் மேல நீட்டுவாங்க, வாசல்லயே காதடைப்பான் கொடுத்துடுவாங்க. அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான என்ஐஓஎஸ்எச் சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடறப்பவும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான். ஃபோம் அடைப்பான் உயர் அதிர்வெண்ணைத்தான் அதிகமா தடுக்கும், தாழ்ந்த அதிர்வெண் அவ்வளவா குறையாது, போதாக்குறைக்கு அது உடம்பு வழியாவும் வரும். அதனால காதை அடைச்சாலும் கூஜோட பேஸ் நெஞ்சுல இடிக்கறது நிக்காது.