எடிட்டர் உங்க லேப்டாப்ல, மத்ததெல்லாம் எந்த நோடுல?

விஎஸ் கோடுங்கற எடிட்டரை எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினோட பாதுகாப்பா பேசுற வழி) மூலமா ஒரு கிளஸ்டரோட (நோடுன்னு சொல்ற பல கம்ப்யூட்டர் ஒண்ணா சேர்ந்தது) இணைச்சு வேலை பாக்குறவங்கள்ல பல பேரு, அங்க இருக்கிற ஃபைலை இங்க திறந்து காட்டுது, அவ்ளோதான்னு நினைச்சிட்டிருக்காங்க. நடக்கறது வேற. கனெக்ட் ஆனதும் எடிட்டரே ரெண்டா பிரிஞ்சிடுது. திரையில தெரியிற எழுத்து, மெனு, தீம் எல்லாம் உங்க லேப்டாப்ல நிக்குது. ஃபைலைப் படிக்கிறது, தேடுறது, டெர்மினல், டீபக்கர், பைத்தான் எக்ஸ்டென்ஷன்னு கனமான வேலையெல்லாம் அந்தப் பக்கம் போயிடுது. அந்தப் பாதி எந்த மெஷின்ல ஓடுதுங்கறதுதான் இதுல பெரிய விஷயம்.

முதல்ல எஸ்எஸ்ஹெச். அதுக்கு முன்னாடி இருந்த டெல்நெட் காலத்துல பாஸ்வேர்டு அப்படியே ஒயர்ல போகும், நடுவுல இருக்கிறவன் படிச்சிடலாம். ஹெல்சின்கில அப்படி யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடின பிறகுதான், அங்க டெக்னாலஜி யுனிவர்சிட்டில இருந்த டாட்டு யுலோனென் 1995ல இதை எழுதினாரு. கனெக்ட் பண்ணும்போது ரெண்டு பக்கமும் தனித்தனியா கணக்குப் போட்டு ஒரே ரகசிய எண்ணுக்கு வந்து சேருது, அந்த எண் நெட்வொர்க்ல போறதே இல்ல. சர்வர் ஹோஸ்ட் கீங்கற தன்னோட ரகசியச் சாவியால கையெழுத்து போட்டு தான் யாருன்னு நிரூபிக்குது (முதல் தடவை சர்வரோட கீக்கு சுருக்க அடையாளமான ஒரு ஃபிங்கர்பிரிண்டைக் காட்டி சரியான்னு கேக்குமே, அதை கிளஸ்டரோட உதவிப் பக்கத்துல இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாருங்க, கண்ணை மூடிட்டு யெஸ் அடிக்காதீங்க). அப்புறம் உங்க முறை. உங்க ரகசியச் சாவியான ப்ரைவேட் கீ லேப்டாப்பை விட்டு நகராது, அதை வச்சு போட்ட கையெழுத்து மட்டும்தான் போகுது, அதுவும் அந்த செஷனோட அடையாளத்தையும் சேர்த்துப் போட்டது, அதனால யாரு அதைப் புடிச்சு வச்சாலும் இன்னொரு கனெக்ஷன்ல செல்லாது.

எடிட்டருக்குத் தேவையான விஷயம் இதுக்கு மேலதான் இருக்கு. ஒரு எஸ்எஸ்ஹெச் கனெக்ஷனுக்குள்ள பல சேனல் ஓட முடியும், ஒண்ணுல ஷெல், இன்னொண்ணுல போர்ட் ஃபார்வர்டிங்னு (அந்தப் பக்கம் ஓடுற ஒரு புரோகிராமோட இங்கேர்ந்து பேச வழி). விஎஸ் கோட் முதல்ல ஒரு ஷெல் திறந்து, உங்க ஹோம் டைரக்டரில ஒரு மறைவு ஃபோல்டருக்குள்ள தன்னோட சர்வரை இறக்கி ஓட விடுது, லேப்டாப்ல இருக்கிற வெர்ஷனும் அதுவும் சரியா ஒண்ணா இருக்கணும்ங்கறதால எடிட்டர் அப்டேட் ஆகும்போதெல்லாம் புதுசா இறங்கும், பழசு அங்கயே கிடந்து உங்க டிஸ்க் கோட்டாவைத் தின்னும். 2025லேர்ந்து அந்த சர்வருக்கு ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) குறைஞ்சது 2.28 வேணும். சென்ட்ஓஎஸ் 7ங்கற பழைய லினக்ஸ்ல இருக்கிறது 2.17, அதனால பழைய கிளஸ்டர்ல திடீர்னு கனெக்ட் ஆகலன்னா முதல்ல இதைப் பாருங்க.

நீங்க அடிக்கிற எழுத்து லேப்டாப்லயே திரைக்கு வந்துடுது, ஆட்டோகம்ப்ளீட் யோசனையும் சேவ் பண்றதும்தான் அங்க போய் வருது. அதனாலதான் நெட் மெதுவா இருந்தாலும் டைப் பண்றது வழுக்கிட்டு போற மாதிரி இருக்கு. அதே நெட்ல டெர்மினல் வழியா அந்தப் பக்கம் ஓடுற விம் எடிட்டரைத் திறந்தீங்கன்னா ஒவ்வொரு எழுத்தும் போய்த் திரும்பணும்.

இப்ப கிளஸ்டர். நீங்க எஸ்எஸ்ஹெச்ல போய் இறங்குறது லாகின் நோடு. நூத்துக்கணக்கான பேரு ஒரே நேரத்துல பகிர்ந்துக்கிற மெஷின் அது, ஃபைலை ஏத்தி இறக்கவும் ஜாப் (கிளஸ்டர்ல ஓட வேண்டிய வேலை) சப்மிட் பண்ணவும் மட்டும். ஒவ்வொருத்தரோட எடிட்டர் சர்வரும், கோடைப் புரிஞ்சு யோசனை சொல்ற லாங்குவேஜ் சர்வரும், ஆயிரக்கணக்கான ஃபைலைக் கண்காணிக்கிற ஃபைல் வாட்சரும் அங்க ஓடினா எல்லாருக்கும் ஷெல் முடங்கும். அட்மின்கள் அந்த ப்ராசஸைக் கொல்றாங்கன்னு கோவப்படுறவங்களைப் பாத்திருக்கேன், என்னைக் கேட்டா அட்மின் பக்கம்தான் நியாயம்.

சரியான இடம் ஜாப்கள் ஓடுற கம்ப்யூட் நோடு. ஸ்லர்ம் (ஜாப்களுக்கு நோடு ஒதுக்கித் தர்ற சாஃப்ட்வேர்) இருக்கிற கிளஸ்டர்ல முதல்ல ஒரு ஜாப் போட்டு கோர், மெமரி, நேரம் கேக்கணும், எந்த நோடு கிடைச்சதுன்னு ஸ்க்யூங்கற கமாண்டுல பாக்கணும், அப்புறம் அந்த நோடுக்கு நேரா எஸ்எஸ்ஹெச். நேரான்னு சொன்னாலும் வெளியிலேர்ந்து கம்ப்யூட் நோடைத் தொட முடியாது, அதனால லேப்டாப்ல இருக்கிற எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைல்ல ப்ராக்ஸிஜம்ப்னு ஒரு வரி போட்டு லாகின் நோடு வழியா தாண்டிப் போகணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, லாகின் நோடு வெறுமனே பைட்டுகளை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுது, உள்ள இருக்கிறதை அதால படிக்க முடியாது, ஏன்னா ரெண்டாவது எஸ்எஸ்ஹெச் செஷன் உங்க லேப்டாப்புக்கும் கம்ப்யூட் நோடுக்கும் நடுவுல நேரடியா நடக்குது. ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உங்க கீயால கையெழுத்து போடுற வசதியை லாகின் நோடுக்கும் நீட்டி விடுறது) அப்படி இல்ல, அங்க லாகின் நோடுல ரூட் அதிகாரம் உள்ள யாரும் நீங்க கனெக்ஷன்ல இருக்கிற வரைக்கும் உங்க கீயால கையெழுத்து போட்டுக்கலாம். ப்ராக்ஸிஜம்ப் இருக்கும்போது அது தேவையே இல்ல.

ஜாப் இல்லாத நோடுக்குப் போனா பல கிளஸ்டர்ல கதவு திறக்காது. பேம் ஸ்லர்ம் அடாப்ட்ங்கற மாட்யூல் அங்க உங்களுக்கு ஜாப் ஓடுதான்னு பாத்துட்டுதான் விடும், விட்டாலும் உங்க செஷனை அந்த ஜாப்போட சிகுரூப்புக்குள்ள (லினக்ஸ் மெமரி, கோருக்கு வரம்பு வைக்கிற பெட்டி) போட்டுடும், அதனால 8 ஜிபி கேட்டிருந்தா எடிட்டரும் சேர்ந்து அந்த 8 ஜிபிக்குள்ளதான் வாழணும், ஜாப் நேரம் முடிஞ்சா எடிட்டர் சர்வரும் அப்பவே போயிடும். அதனால நீளமான ட்ரெய்னிங்கை எடிட்டர் டெர்மினல்ல ஓட விடாம எஸ்பேட்ச்ங்கற ஸ்லர்ம் கமாண்டுல தனி ஜாப்பா போடுங்க.

அப்படி போட்ட ஜாப் வேற நோடுல ஓடி ரிசல்ட் ஃபைலை எழுதும், ஆனா எடிட்டரோட ஃபைல் லிஸ்ட்ல அது வராம இருக்கலாம். ஃபைல் வாட்சர் நம்பி இருக்கிறது ஃபைல் மாறினா சொல்ற லினக்ஸோட ஐநோட்டிஃபையை, அதுக்கு அதே மெஷின்ல நடக்கிற மாற்றம்தான் தெரியும், என்எஃப்எஸ்ல (எல்லா நோடும் நெட்வொர்க் வழியா பகிர்ந்துக்கிற ஃபைல் இடம்) இன்னொரு நோடு எழுதினது தெரியாது. ஜாப் தோத்துப்போச்சுன்னு திரும்ப சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ரிஃப்ரெஷ் பட்டனை அழுத்துங்க, இல்லன்னா டெர்மினல்ல எல்எஸ் அடிச்சுப் பாருங்க.