சிவப்புக் காடியும் வியர்க்காத உள்ளங்கையும்

மலேசியாவின் ஈப்போவில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சிவப்புக் காடி நின்றது. ஐரோப்பிய வண்டி, இரண்டே கதவு, வயது பதினொன்று. என் அக்கா மகன் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மாமா, நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க." உட்கார்ந்தேன். தோல் இருக்கையின் வாசம், கதவைச் சாத்தியபோது வந்த அந்தக் கனமான சத்தம், முன்கண்ணாடிக்கு அப்பால் நீண்டு வளைந்திருந்த சிவப்பு. எனக்கே நெஞ்சு லேசாகப் படபடத்தது.

அவன் சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகிறவன். அவனுடைய தாத்தா, அதாவது என் அப்பா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசிவரை அவருக்கு சைக்கிள்தான். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு அழகான காருக்கு ஆசைப்படும்போது, அது வேண்டாத ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த மாடலைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: பார்க்க ராஜா, பட்டறையில்தான் குடியிருக்கும். அக்கா நேராகவே சொல்லிவிட்டார்: "பேசாம ஒரு மைவி வாங்குடா, நம்ம ஊர்க் காருதான். எந்தக் கடையிலயும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும்."

மனசு சொல்வதைக் கேட்பதா, புத்தி சொல்வதைக் கேட்பதா? நாம் இப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். மூளையை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு மாதிரி இருக்கிறது.

அந்தோனியோ தமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், நெற்றிக்குப் பின்னால் கண்குழிகளுக்குச் சற்று மேலே இருக்கும் மூளைப் பகுதி பழுதடைந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர். அவர்களுக்குப் பேச்சு, கணக்கு, ஞாபகம் எல்லாம் சரியாக இருக்கும். அறிவுத்திறன் சோதனையிலும் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். உணர்ச்சி மட்டும் மங்கிப்போயிருக்கும்.

அவர்களில் ஒருவர், சாலையெல்லாம் பனி உறைந்து வழுக்கிய ஒரு நாளில் காரோட்டி மருத்துவமனைக்கு வந்தார். அவருக்கு முன்னால் போன பெண் வண்டி வழுக்கியதும் பதறி பிரேக்கை மிதித்து, பள்ளத்தில் விழுந்துவிட்டார். இவருக்குப் பதற்றம் என்பதே இல்லை. பனியில் எப்படி ஓட்ட வேண்டுமோ அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மறுநாள் அதே மனிதரிடம், அடுத்த தடவை எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று தமாசியோ இரண்டு தேதிகளைக் கொடுத்தார். அவர் நாட்குறிப்பைத் திறந்து, இந்த நாள் என்றால் என்ன வசதி, அந்த நாள் என்றால் என்ன இடைஞ்சல், வானிலை எப்படி இருக்கும் என்று ஏறக்குறைய அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். முடிவுக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் தமாசியோவே இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றார். சரி என்று எழுந்து போய்விட்டார்.

உணர்ச்சி கலக்காத புத்தி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். போதும், இதுதான் என்று நிறுத்துவது உணர்ச்சியின் வேலை. ஆகவே மனசை ஒதுக்கிவிட்டுக் கார் வாங்கு என்று ஒருவனுக்குச் சொல்வதில் பொருளே இல்லை. அப்படி வாங்க முயன்றால் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருப்பான்.

அப்புறம் அந்த மனசு எதை வைத்துப் பேசுகிறது? இதற்கு ஒரு சீட்டு விளையாட்டு வழி காட்டியது. அந்தோயின் பெச்சாரா, தமாசியோ முதலியோர் 1994-இல் வெளியிட்ட சோதனை அது. மேசையில் நான்கு சீட்டுக் கட்டுகள். கையில் 2,000 டாலர் விளையாட்டுப் பணம். எந்தக் கட்டிலிருந்தும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கலாம். முதல் இரண்டு கட்டுகளில் எந்தச் சீட்டை எடுத்தாலும் 100 டாலர் கிடைக்கும், ஆனால் நடுநடுவே பெரிய அபராதம் வரும். பத்துச் சீட்டு எடுத்தால் மொத்தத்தில் 250 டாலர் நட்டம். மற்ற இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 50 டாலர்தான், அபராதமும் சிறியது. பத்துச் சீட்டில் 250 டாலர் லாபம். இந்தக் கணக்கு எதையும் ஆடுகிறவருக்குச் சொல்வதில்லை.

ஆடியவர்களின் உள்ளங்கையில் மின்முனைகளைப் பொருத்தியிருந்தார்கள். தோலில் துளி வியர்வை ஊறினாலும் மின்சாரம் கொஞ்சம் எளிதாகப் பாயும், கருவி அதைக் காட்டிவிடும். 1997-இல் வெளிவந்த முடிவு இதுதான்: மூளைப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு, ஏறக்குறைய பத்தாவது சீட்டு தாண்டியதும், கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. ஏன் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐம்பதாவது சீட்டு வாக்கில்தான், அந்தக் கட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். எண்பதாவது வாக்கில் பலர் காரணத்தை விளக்கினார்கள். நெற்றிப் பகுதி பழுதானவர்களுக்கோ முன்கூட்டி வியர்க்கவே இல்லை. அவர்களில் சிலர், நட்டம் வரும் என்று புரிந்த பிறகும் 100 டாலர் கட்டிலேயே கை வைத்தார்கள்.

உடம்புக்கு அவ்வளவு முன்னதாகத் தெரிகிறதா என்பதில் சர்ச்சை உண்டு. டியாகோ மாயாவும் ஜேம்ஸ் மெக்லெலண்டும் 2004-இல் இதே ஆட்டத்தை நடத்தி, இன்னும் நுணுக்கமாகக் கேள்வி கேட்டபோது, ஆடியவர்கள் எது நல்ல கட்டு என்பதை முன்னதாகவே வாய்விட்டுச் சொன்னார்கள். உடம்பு முந்தியா, அறிவு முந்தியா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. இரண்டுமே அபராதச் சீட்டைப் பார்த்த பிறகுதான் கற்றுக்கொண்டன. என் அக்கா மகன் விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது இதுதான்.

கார் கடையில் அவனுக்குக் கிடைத்தவை எல்லாம் 100 டாலர் சீட்டுகள். நிறம், வாசம், கதவுச் சத்தம், நண்பர்கள் திரும்பிப் பார்க்கப்போகும் அந்த நிமிடம். அபராதச் சீட்டுகள் எல்லாம் கையெழுத்துக்கு அப்புறம் அடுக்கியிருக்கின்றன. அவனுடைய உள்ளங்கை வியர்க்காததில் ஆச்சரியம் இல்லை. அவன் மனசு பொய் சொல்லவில்லை, அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

என் உள்ளங்கை அப்படி இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் சிம்மோர் பக்கத்தில் என் பழைய கார் கொதித்து நின்றது. நடுமத்தியானம், பின்னால் காய்ச்சலோடு கைக்குழந்தை. இழுவை லோரி வர இரண்டு மணி நேரம் ஆனது. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது, என்ன கார் ஓட்டினாலும், கண் தானாக வெப்பமுள்ளுக்குப் போய் வருகிறது.

விலையும் இந்த மாதிரி வலிக்க வேண்டியதுதான். பிரையன் நட்சன் குழுவினர் 2007-இல், பொருளையும் விலையையும் காட்டி, வாங்குவதா வேண்டாமா என்று கேட்டபடியே மூளையைப் படம் பிடித்தார்கள். பொருள் பிடித்திருந்தால், இன்பத்தை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் ஒரு சிறு பகுதி சுறுசுறுப்பானது. விலை அதிகம் என்று பட்டால், வலி, அருவருப்பு போன்றவற்றோடு தொடர்புள்ள இன்சுலா என்ற பகுதி கிளர்ந்தது. நான் இதிலிருந்து புரிந்துகொள்வது: கண் முன்னால் இருக்கும் விலைதான் உறைக்கும். நம் நாட்டில் கார்க் கடனை 9 ஆண்டு வரை இழுக்கலாம், அப்போது அந்த விலையே மாதத் தவணையாகத் தேய்ந்து சின்னதாகிவிடுகிறது. அடுத்த வருடம் மாற்ற வேண்டிய கியர்பாக்ஸுக்கோ கடையில் விலைச்சீட்டே கிடையாது. ஓடிய தூரம் காட்டும் எண்ணும் நம்மை ஏமாற்றும். அமெரிக்காவில் 2 கோடிக்கும் அதிகமான பழைய கார் விற்பனைகளை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு 10,000 மைல் எல்லையிலும் விலை சட்டென்று இறங்கியது தெரிந்தது. 79,900 ஓடிய காருக்கும் 80,100 ஓடிய காருக்கும் இன்ஜினில் என்ன பெரிய வித்தியாசம்? முதல் இலக்கம்தான் மாறியிருக்கிறது.

சரி, யாருடைய மனசை நம்பலாம்? உளவியலாளர் டேனியல் கானெமன் உள்ளுணர்வை எப்போதும் சந்தேகித்தவர். கேரி க்ளைன், தீயணைப்புத் தலைவர்கள் எரியும் கட்டடத்துக்குள் நொடியில் எடுக்கும் முடிவுகளை வியந்து ஆராய்ந்தவர். எதிரெதிர் முகாம். இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதி, ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். உள்ளுணர்வு தேற இரண்டு வேண்டும்: அந்தத் துறையில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரியவந்த நீண்ட பழக்கமும் வேண்டும். வாழ்நாளில் மூன்று நான்கு கார் வாங்குகிறவனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அது இருப்பது பட்டறையில், எங்கள் பக்கத்தில் போமன் என்று சொல்கிறோமே, அந்த மெக்கானிக்கிடம்.

அதனால் அவனை சுங்கை சிப்புட்டில் எனக்குப் பழக்கமான போமன் ஒருவரிடம் அழைத்துப் போனேன். நல்ல வேளையாக அதே மாடலில் ஒரு வெள்ளை வண்டி அங்கே பொனட் திறந்து நின்றது. போமன் அண்ணன் இன்ஜினைப் பார்க்கவில்லை. ஓரத்தில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் நிற்கும் கூலண்ட் டாங்கியின் அடிப்பக்கத் தையலில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக், பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்திருந்தது. தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அதன் ஓரத்தில் காய்ந்த உப்பு மாதிரி இளஞ்சிவப்புப் பொடி. "தம்பி, இதைத் தொட்டுப் பார். இதுதான் உன் காடி."

அவர் சொன்னதை இயற்பியலில் சொன்னால் இப்படி வரும். கூலண்ட் ஓடுவது காற்றுப் புகாமல் மூடிய பாதையில். சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும். காற்றழுத்தத்துக்கு மேல் 1 பார் (ஏறக்குறைய இன்னொரு மடங்கு காற்றழுத்தம்) ஏறினால், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகவே சில ஐரோப்பிய இன்ஜின்கள் 100 டிகிரிக்கு மேலே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அழுத்தம் இருக்கும்வரை கவலையில்லை. பிளாஸ்டிக் தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இளக்கம் இழந்து மொறுமொறுப்பாகிறது. ஒருநாள் நெரிசலில் நிற்கும்போது கீறல் விரியும். அழுத்தம் போன அந்தக் கணமே கூலண்ட் கொதித்து ஆவியாகும். கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால், இன்ஜினின் மேல்பாகமான அலுமினியத் தலை வளைந்துபோகும். டாங்கி மாற்றச் சில நூறு ரிங்கிட் போதும். தலை வளைந்தால் ஆயிரக்கணக்கில் போகும், அதோடு பல நாள் வேலைக்குப் போக வண்டியும் இருக்காது.

வாங்காதே என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அந்த அழகு அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம் தரும், அதற்கும் ஒரு விலை போடலாம், போட வேண்டும். அபராதச் சீட்டுகளையும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். மூன்று சனிக்கிழமை அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வண்டிக்காரர் பில்லுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றான். இழுவை லோரியில் வந்து இறங்கிய இன்னொரு வண்டியிலிருந்து, பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் இறங்கி நடந்து போனதையும் பார்த்தான்.

நான்காவது சனிக்கிழமை மறுபடியும் ஈப்போவுக்குப் போனோம். சிவப்புக் காடி அதே இடத்தில், கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. இந்தத் தடவை அவன் கதவைத் திறக்கவில்லை. பொனட்டைத் திறக்கச் சொல்லி, நேராகக் கூலண்ட் டாங்கிக்குப் போனான். விரலை அடித் தையலில் வைத்து மெதுவாக நகர்த்தினான். பாதியில் நின்றது. அப்புறம் கையை எடுத்து, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "மாமா, இதுக்கு எவ்வளவு குறைப்பாங்கன்னு கேளுங்க" என்றான்.