விரதம் முடிந்த மறுநாளும் குடிநோயும்

பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களோடு மனநலச் சமூகப் பணியாளராகப் பழகிவரும் எனக்கு, கார்த்திகை பிறக்கும்போது கவலையும் பிறந்துவிடுகிறது. பல ஆண்டுகளாகக் குடித்துவந்தவர்கள் ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றே ஒரு சொட்டும் தொடாமல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த உறுதியைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடித்துப் பழகிய உடலுக்குத் திடீர் நிறுத்தம் ஆபத்தானது. சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலர் நிதானம் இழந்து, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றுவார்கள். அதைச் சாமி குற்றம் என்று நினைத்து வீட்டார் பரிகாரம் தேடுகிறார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய அந்த நிலையில் போக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் குடியை நிறுத்தி, தேவையான மருந்துகளையும் தயமின் என்னும் பி1 வைட்டமினையும் எடுத்துக்கொண்டால் விரதத்துக்கு எந்தக் குறையும் வராது.

அடுத்த சிக்கல் மாலையைக் கழற்றிய பிறகு வருகிறது. நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருந்தவர் மலையிலிருந்து திரும்பியதும் குடித்துவிட்டால், 'பக்தி பொய்' என்று மனைவி மனம் கசக்கிறார். பக்தி பொய்யல்ல, அதற்கு நாம் கெடு வைத்துவிட்டோம் என்பதே என் கருத்து. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடியிலிருந்து மீள விரும்புவோர் குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தில் இப்படிக் கெடு ஏதும் இல்லை. குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொண்டு, தன்னிலும் மேலான ஒரு சக்தியிடம் தன்னை ஒப்படைத்து, இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்பதே அங்குள்ள வழி. பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியங்கள் ஒவ்வொன்றாக உடைய, அந்தக் குற்ற உணர்வைத் தாங்க முடியாமலே மீண்டும் குடித்த ஒருவருக்கு, 'என் மனவலிமை ஒன்றே போதும்' என்ற பிடிவாதத்தை விடுவது எத்தனை பெரிய விடுதலை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகாது. தன்னால் துன்பப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதும் அந்த இயக்கம் வகுத்த பன்னிரண்டு படிகளில் அடங்கும்.

பெரியார் வழியில் வந்த, கடவுளை ஏற்காத தமிழர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களை நான் கோயிலுக்கு அனுப்புவதில்லை. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி ஏற்கலாம் என்றே அந்தப் படிகள் சொல்கின்றன. கூடியிருக்கும் குழுவையே தன்னிலும் மேலான சக்தியாகக் கொண்டு மீண்டவர்கள் உண்டு. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, இத்தகைய குழுக்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாகக் காட்டியது.

குடும்பத்தாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: குடிப்பவரைச் சாமி முன் நிறுத்திச் சத்தியம் வாங்காதீர்கள், அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிராம் மாத்திரையைக் கலக்காதீர்கள், அதன் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் போதை மீட்புக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.